தண்ணீர் குடிக்காதவர்களின் பூஜ்யம்

“அறிக்கையை நிறுத்துங்க சார்.”

இந்த வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லியிருந்தார் எங்கள் ஆபீஸை நடத்துகிற மோகன்குமார் சார். சம்பளம் பத்தலையா, கேள். லீவு வேணுமா, கேள். கம்ப்யூட்டர் ஓடலையா, சத்தம் போடு. ஆனால் தேதி குறித்த பிறகு அறிக்கையை நிறுத்தச் சொல்லி யாரும் என் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பார். ஆய்வுக்கு நிதி தருகிறவர்களுக்கு ஒரு தடவை தேதி தவறினால் அடுத்த தடவை நம்மையே தவற விட்டுவிடுவார்களாம். அதைக் கேட்டுத் தலையாட்டியவள்தான் நான். இன்று காலை அதே மேசைக்கு எதிரில் நின்று அதையே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார், ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். மேசை மேல் அறிக்கைப் பிரதிகள் நூல் கட்டு பிரிக்காமல் இருந்தன. மதியம் திருப்புலிவனம் போகிற வழியில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் கூட்டம். விவசாயிகள் சங்கம், வேளாண்மை அதிகாரிகள், ஆய்வில் கலந்துகொண்ட பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது.

எங்கள் ஆபீஸ் உத்திரமேரூர் கடைத்தெருவில் மாடியில் இருக்கிறது. கீழே உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. ஜன்னலைத் திறந்தால் அந்த வாடை படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். பூச்சிமருந்து மனுஷ உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று ஆராய்கிற ஆபீஸுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று சேர்ந்த புதிதில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வாடகை குறைவு என்றார்கள்.

ஆய்வு இதுதான். நவரைப் பட்டத்தில் நெல்லுக்கு மருந்து அடிப்பார்கள். அடித்த மறுநாளே, சில சமயம் அன்றைக்கே, பக்கத்துக் கழனியில் பெண்கள் இறங்கிக் களை எடுப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலைவலி, குமட்டல், கண்ணில் தண்ணீர். கேட்டால் வெயில் என்பார்கள். வெயிலா மருந்தா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. மருந்து உடம்புக்குள் போனால் சிறுநீரில் அதன் சுவடு இறங்கும், அதை அளந்துவிடலாம். கழனி வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு கூட்டம். அதே ஊர்களிலிருந்து தையல் கம்பெனிக்கு வேனில் போகிற பெண்கள் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் சுவடு ஒரே அளவு என்றால் வெயில். கழனிக்காரர்களுக்குக் கூடுதல் என்றால் மருந்து. கூடுதல் என்று வந்துவிட்டால் மருந்து அடித்த நிலத்துப் பக்கம் இரண்டு நாள் யாரையும் வேலைக்கு இறக்க மாட்டோம், கை கால் கழுவத் தண்ணீரும் சோப்பும் வைப்போம் என்று சங்கம் முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்த ஒரு வரிக்காக ஊரே காத்திருந்தது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்த வரி அச்சாகிவிட்டது. ‘வயல் வேலை செய்யும் பெண்களிடம் கூடுதல் பாதிப்பு காணப்படவில்லை.’ அதற்கு நேர் கீழே, ‘புள்ளியியல் பகுப்பாய்வு: ஜா. பரிமளா, எம்.எஸ்சி.’

பரிமளா நான்தான். ஜா என்பது ஜான்சன், என் அப்பா. கல்யாணப் பத்திரிகையையும் கருமாதிப் பத்திரிகையையும் விட்டால் எங்கள் குடும்பத்தில் அச்சில் வந்த முதல் பெயர் இது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் என் அப்பா நின்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன். “உங்க வம்சத்துல வேற யாரும் படிக்கலன்னு எப்படி நம்புறது” என்று அங்கே இருந்தவர் கேட்டார். நம்பாமல் போவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது. அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒரு பொய்க்குக் கீழே ஒட்டியிருந்தார்கள்.

கணக்கு நான் போட்டதில்லை. சென்னைத் தலைமை ஆபீஸில் போட்டு அனுப்பினார்கள். கூட்டத்தில் திரையில் காட்டப் படம் மட்டும் வரைந்து கொடு என்றுதான் போன வாரம் என் கைக்கு வந்தது. உள்ளூர்ப் பெண், கூட்டத்தில் நின்றால் நன்றாக இருக்கும் என்று பெயரையும் போட்டுக்கொண்டார்கள்.

படம் வரையச் சொன்னது நல்லதாகப் போயிற்று. எங்கள் பேராசிரியை ஒருவர் வகுப்புக்கு வந்ததும் முதல் வேலையாகப் புள்ளி புள்ளியாகப் படம் போடச் சொல்வார், சராசரி எல்லாம் அப்புறம். அப்படிப் போட்டேன். தையல் பெண்களின் புள்ளிகள் கீழே இருந்து மேலே வரை, உதிர்ந்த புளியம்பூ மாதிரி, சீராகப் பரவி இருந்தன. கழனிப் பெண்களுடையது அப்படி இல்லை. ஒன்று உச்சியில் இருந்தார்கள், இல்லாவிட்டால் தரையில் பூஜ்யத்தில் கிடந்தார்கள். நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு வகுப்பில் பாதிப் பேர் எண்பதுக்கு மேல், மீதிப் பேர் சைபர், நாற்பதிலோ ஐம்பதிலோ ஒருத்தரும் இல்லை என்றால் வாத்தியாருக்குச் சந்தேகம் வருமா வராதா?

சைபரைத் தேடிப் போனேன். ஆய்வகம் எங்கேயும் பூஜ்யம் என்று எழுதியிருக்கவில்லை. ‘பிடிபடவில்லை’ என்றுதான் எழுதியிருந்தது. தட்டச்சு செய்தவர்கள் அதைப் பூஜ்யம் ஆக்கியிருந்தார்கள். யாருக்கும் வருகிற பழக்கம்தான். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து ‘இல்லை’ என்று வந்தால் இல்லைதான், குடிக்கலாம். ஆனால் எந்த மிஷினுக்கும் கண் தெரிகிற ஒரு அளவு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் அதற்குத் தெரியாது. வாலாஜாபாத் ரைஸ்மில் லாரி எடைமேடையில் ஒரு கோழி ஏறி நின்றால் பூஜ்யம்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கோழியே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

சரி, மிஷினுக்குத் தெரியவில்லை. ஆனால் ஏன் கழனிப் பெண்களை மட்டும் அதற்குத் தெரியவில்லை? தையல் பெண்களிடம் துளி அளவைக்கூடக் கண்டுபிடித்த அதே மிஷின்தானே?

இந்தக் கேள்வியோடு அன்று மதியம் என் மேசையில் உட்கார்ந்திருந்தபோது தொண்டை வறண்டது. பாட்டிலை எடுத்தேன், மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டேன். எங்கள் மாடியில் கக்கூஸ் இல்லை. கீழே உரக்கடைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, சாவி கடையில் வேலை செய்கிற ஆம்பளைகளிடம். அதனால் சாயங்காலம் வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை. யோசித்துச் செய்கிறதில்லை, கை தானாக மூடியை விட்டுவிடும். இந்தப் பழக்கம் கழனிக்குப் போகிற என் அம்மாவிடமிருந்து வந்தது என்று நினைத்த நிமிஷத்தில் எனக்கு விடை தெரிந்துவிட்டது.

ஆய்வகத்தில் சாம்சன் என்று ஒருவர். அவருக்குப் போன் போட்டு, குப்பியில் சிறுநீர் கம்மியாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒரு குப்பியை நாலு பரிசோதனைக்குப் பங்கு போடுகிறார்கள், மருந்துப் பரிசோதனை கடைசி. மிச்சம் பத்தாவிட்டால் சுத்தத் தண்ணீர் சேர்த்து வேண்டிய அளவுக்குக் கொண்டுவருவார்கள். தண்ணீர் சேர்த்து அஞ்சு மடங்காக்கினால் மிஷினுக்குக் கண் தெரிகிற அளவும் அஞ்சு மடங்கு மேலே போய்விடும். எந்தக் குப்பிக்கு எத்தனை மடங்கு என்று தனிப் பத்தியில் போட்டுத்தான் அனுப்பியிருந்தாராம். தலைமை ஆபீஸில் அந்தப் பத்தி எதற்கு என்று தெரியாமல் அழித்துவிட்டார்கள். யாராவது கேட்பார்கள் என்று இத்தனை மாசமாகக் காத்துக்கொண்டிருந்தேன் மேடம் என்றார். என்னை ஒருவர் மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பத்தி வந்து சேர்ந்தது. தண்ணீர் சேர்த்த குப்பிகளில் பத்துக்கு ஒன்பது கழனிப் பெண்களுடையவை. தையல் கம்பெனியில் கக்கூஸ் உண்டு.

அன்று சாயங்காலம் என் அம்மா மார்த்தாள் களையெடுப்பு முடிந்து வந்து தெருக்குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் இந்த ஆய்வில் ஒருத்தி. பக்கத்து வீட்டு செங்கேணி அக்காவும் அவளோடு நின்றிருந்தாள். இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று கேட்டேன். பைத்தியமா இவள் என்கிற மாதிரி அம்மா பார்த்தாள்.

“வேலைக்குப் போற அன்னிக்கு எவடி தண்ணி குடிப்பா? குடிச்சிட்டு எங்க ஒதுங்குறது? இந்தாண்ட மருந்து அடிச்சிக்கினு நாலு ஆம்பளைங்க நிக்கிறானுங்க. அந்தாண்ட ரோடு, பஸ்ஸு போய்க்கினே கீது.”

காலையில் கூழ் குடித்துவிட்டுப் போனால், திரும்பி வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இப்படித்தானாம். சிறுநீர் எடுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். சர்ச் காம்பவுண்டில் சாயங்காலம் வேலை விட்டு வந்த கையோடு வரிசையில் நிற்க வைத்துக் குப்பி கொடுத்திருக்கிறார்கள். கோடு வரைக்கும் வேண்டும் என்றார்களாம். அம்மாவுக்கு அடியில் கொஞ்சம்தான் வந்தது. கோடு வரைக்கும் ரொம்பலையே என்று அவளுக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாக விட்டுவந்த மாதிரி இருந்ததாம்.

செங்கேணி அக்காவுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. “முந்தா நாளே சொல்லியிருந்தா சேத்து வெச்சிக்கினு வந்திருப்பேனே. திடீர்னு வந்து குடுன்னா, நான் இன்னா குழாயா?” என்றாள். குழாயடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குள் போய் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஒதுங்க ஒரு மறைப்பு இல்லாததால் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர் குடிக்காததால் குப்பி நிறையவில்லை. குப்பி நிறையாததால் மிஷினுக்குக் கண் மங்கியது. மிஷினுக்குக் கண் மங்கியதால் என் அம்மாவுக்குப் பாதிப்பு இல்லை. அதற்குக் கீழே என் பெயர்.

அடுத்த நாளிலிருந்து கணக்கில் உட்கார்ந்தேன். இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன், யாருக்குப் பிடிக்காவிட்டாலும். படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. தெரிந்ததும் தெரியாததும் கலந்து கிடக்கும்போது, தெரியாததைப் பொய் சொல்லாமல் எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்கிற பாடம். எடைமேடைக் கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை நமக்குத் தெரியாது. ஆனால் பத்து கிலோவுக்குக் கீழே என்பது நிச்சயம். அது ஒரு செய்திதான், தூக்கிப் போடக் கூடாது, பூஜ்யம் என்று எழுதவும் கூடாது. எடை தெரிந்தவை எப்படிப் பரவி இருக்கின்றன என்று பார்த்து, தெரியாதவையும் அதே பரவலில் கோட்டுக்குக் கீழே எங்கேயோ இருக்கின்றன என்று வைத்து, எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற ஒரே படம் எது என்று தேட வேண்டும். என் கணக்கில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு கோடு. தண்ணீர் எத்தனை மடங்கு சேர்த்தார்களோ அத்தனை உயரத்தில் அவளுடைய கோடு.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நிறையப் பேர் செய்வதுதான். பிடிபடாத இடத்தில் எல்லாம் அந்தக் கோட்டில் பாதியை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். கழனிப் பெண்களுக்கு ஆறு மடங்கு என்று வந்தது. ஆறு மடங்கு. மேடையில் அதைச் சொன்னால் மண்டபமே ஆடிப்போகும். ஒரு நாள் முழுக்க அந்த ஆறு என்னை விடவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்த ஆறு? ஆய்வகத்தில் ஊற்றின தண்ணீரிலிருந்து வந்தது. தண்ணீர் எவ்வளவு அதிகமாக ஊற்றினார்களோ அவ்வளவு உயரக் கோடு, அதில் பாதியும் உயரம். நெல்லை நனைத்து எடை கூட்டுகிற வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் தண்ணீர் சேர்த்துப் பூஜ்யம் ஆக்கினார்கள், நான் அதே தண்ணீரைச் சேர்த்து ஆறு ஆக்கினால் நானும் அதே ஆள்தான். அழித்தேன்.

ஒழுங்கான கணக்கில் மூன்று மடங்கு வந்தது. இரண்டாகவும் இருக்கலாம், நாலரை வரைக்கும் போகலாம், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சமம் என்பதற்கு வழியே இல்லை. பரவல் இப்படித்தான் இருக்கும் என்று எந்த ஊகமும் வைக்காத வேறொரு முறையிலும் போட்டுப் பார்த்தேன், அதுவும் மூன்றுக்குப் பக்கத்திலேயே நின்றது. நேற்று மாலை அந்த மூன்றைப் பார்த்தபோது தாளின் ஓரத்தில் அதை இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன். இதை இந்த ஊரில் என்னைத் தவிர யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று நினைத்தேன். கணக்குத் தெரிந்தவர்களுக்குக் குப்பி ஏன் நிறையவில்லை என்று தெரியாது. குப்பி தெரிந்தவர்களுக்குக் கணக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும்.

இதையெல்லாம்தான் இன்று காலை நின்றபடியே மோகன்குமார் சாரிடம் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை. பாதியிலேயே முன்னால் சாய்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் குடிக்காதவர்களுக்குச் சிறுநீர் கெட்டியாக இருக்கும், அதனாலேயே அளவு கூடித் தெரியலாமே என்று நல்ல கேள்வியாகவே ஒன்று கேட்டார். கெட்டித்தன்மையைக் காட்டுகிற கிரியாட்டினின் அளவும் நம்மிடம் இருக்கிறது, அதை வைத்துச் சரிசெய்த பிறகுதான் மூன்று என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். என் கணக்கு சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது அவர் முகத்தில் தெரிந்ததும் எனக்கு உள்ளே ஒரு குதி குதித்தது.

அந்த நேரம் பார்த்து முத்துகிருஷ்ணன் மேலே வந்தார். விவசாயிகள் சங்கத் தலைவர். மண்டபம் அவர் ஏற்பாடு, பிரியாணியும் அவர் ஏற்பாடு. கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும், அதிகாரிகளை அழைத்துவரக் கார் போயிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார். சார் அவரிடம் விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னார், கணக்கில் ஒரு சின்ன திருத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. சின்ன திருத்தம் இல்லை, முடிவே தலைகீழ் என்று நான் சொன்னேன்.

முத்துகிருஷ்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ மார்த்தா பொண்ணுதானே? ஒங்க அம்மா எத்தினி வருசமா எங்க நெலத்துல களை எடுக்குது. ஒரு நாள் படுத்துதா, கேளு.”

“படுத்தா கூலி ஏதுங்க?”

அவர் சார் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவருடைய மகனே முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறான், முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல். இரண்டு நாள் யாரையும் வேலைக்கு இறக்காவிட்டால் களை ஏறிவிடும், ஆள் கிடைக்காத காலம், யார் பதில் சொல்வது என்று அவருக்குக் கவலை. அதைச் சாரிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. என்னைப் பற்றிச் சொல்லும்போது ‘அந்தப் பொண்ணு’ என்றார், நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போதே. படிச்ச பொண்ணு, பேசத்தான் செய்யும், நீங்கதான் சார் பதமா எடுத்துச் சொல்லணும் என்று எழுந்துபோனார்.

சார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு பதமாக எடுத்துச் சொன்னார். அச்சானது அச்சானதாக இருக்கட்டும். இன்றைக்குக் கூட்டம் நடக்கட்டும். என் கணக்கைப் பின்னிணைப்பாக, ஆங்கிலத்தில், ஒரு மாசம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆய்விதழுக்கு ஒரு கட்டுரையாகவும் எழுதலாம், அதில் என் பெயர்தான் முதலில் இருக்கும், தன் பெயர் கடைசியில்.

“ஒரு கிராமத்துப் பொண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமாம்மா? இந்த வயசுல எனக்கே கிடைக்கல.”

தெரியும். அந்த ஒரு நிமிஷம் கட்டுரையின் முதல் பக்கம் எனக்குக் கண்ணில் தெரிந்தது, என் பெயர் முதலில். தெரியாது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கட்டுரையை யார் படிப்பார்கள்? இன்று மண்டபத்தில் அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு எழுந்துபோகிற சங்கத்துக்காரர்கள் ஒரு மாசம் கழித்து ஆங்கிலப் பின்னிணைப்பைத் தேடி வரப் போகிறார்களா? ‘பாதிப்பு இல்லைன்னு படிச்சவங்களே சொல்ட்டாங்க’ என்று செங்கேணி அக்காவிடம் சொல்ல அவர்களுக்கு இன்றைய மதியம் போதும். நாளைக் காலை அவள் அதே கழனியில் இறங்குவாள்.

கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாம், கீழே ஜெராக்ஸ் கடை இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். முடியாது என்றார். பாதிப்பு இல்லை என்பதை எடுத்துவிட்டு, இன்னும் தெரியவில்லை என்றாவது வாயால் சொல்லுங்கள் என்றேன். அதிகாரிகள் முன்னால் தெரியாது என்று சொல்ல இத்தனை நாள் ஆய்வு எதற்கு என்று கேட்டார். கடைசியில், மேடையில் இன்று நீ பேச வேண்டாம், படத்தை நானே காட்டிக்கொள்கிறேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என் மேல் அவருக்கு நிஜமான அன்பு உண்டு, அதனால்தான் இவ்வளவு நேரம் பேசினார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இதற்கெல்லாம் பதில் நேற்றே முடிவாகிவிட்டது. நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கோழி உட்பட. அவளுக்கு வெகு சீக்கிரம் புரிந்தது. குப்பி நிறையாதது தன் தப்பில்லை என்றதும் அவள் முகத்தில் ஏதோ இறங்கிப்போயிற்று. வேலை போய்விடும் என்றேன். முத்துகிருஷ்ணன் நிலத்தில் உனக்கும் வேலை இருக்காது என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். அவர் நிலத்தை விட்டால் திருப்புலிவனம் வரைக்கும் வேறு நிலமே இல்லையா என்றாள். கூட்டத்தில் அந்த வரியைச் சார் படிக்கும்போது நான் எழுந்து நின்று கேட்கப் போகிறேன் என்றேன்.

“நீ எந்திரி. நாங்க இன்னா உக்காந்துக்கினா இருப்போம்?”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு செங்கேணி அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். காலையில் நான் கிளம்பும்போது தெருவே வேலைக்குப் போகாமல் தலை குளித்துக்கொண்டிருந்தது. சாரிடம் முதலில் வந்து கேட்டது, அவரே நிறுத்தினால் நன்றாக இருக்குமே என்றுதான். எழுந்து நிற்க வேண்டிய அவசியம் எங்களுக்கு வராமல் அவர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸ் லேப்டாப்பை மேசை மேல் வைத்தேன். கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். சார் அதைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு வர மாட்டாயா என்று கேட்டார். வருவேன், கீழே அம்மா பக்கத்தில் உட்காருவேன், கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று அழைப்பிதழில் நீங்களே போட்டிருக்கிறீர்கள் என்றேன். “பரிமளா” என்றார். 

காலையிலிருந்து தொடாமல் இருந்த அந்த டம்ளர் தண்ணீரை எடுத்து முழுக்கக் குடித்தேன். கணக்குத் தாள்களைப் பையில் போட்டேன். உச்சியிலும் தரையிலும் புள்ளிகள் நின்று நடுவில் வெறுமையாகக் கிடந்ததே, அந்தப் படத்தைப் பெரிதாக எடுத்து வைத்திருந்தேன், அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டேன். மதுராந்தகம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் எதிர்ப்பக்க பஸ்ஸில் வந்து மண்டபத்து வாசலில் இறங்குகிற நேரம்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து படியிறங்கினேன்.